சென் வீட்டு வாத்து

இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதையெல்லாம் சொல்லப்போகிறேன். சாப்பிடாமல் எழுந்து வந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உண்மையில் அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

1998 கோடையில் எங்கள் பவுண்டரி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் இரும்பில் வார்த்து ஏற்றுமதி செய்த பம்ப் காஸ்டிங்குகளில் பலவற்றில் காற்றுக் குமிழி மாட்டி உள்ளே ஓட்டை விழுந்திருக்கிறது என்று ஹூஸ்டன் கம்பெனிக்காரர்கள் கத்தினார்கள். "நீயே போய் நல்லதையும் சொத்தையையும் பிரித்துக் கொடுத்துவிட்டு வா" என்று, சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருந்த என்னை முதலாளி விமானம் ஏற்றிவிட்டார். ஐந்து வாரம். மனைவி பருப்புப் பொடியும் முறுக்கும் எள்ளுருண்டையும் டின் டின்னாகக் கட்டிக் கொடுத்தாள்.

எங்கள் வீடு சைவம். முட்டை உடைத்த கரண்டியைக்கூட உள்ளே விடமாட்டோம். ஆனால் எனக்கு நாக்கு நீளம். காந்திபுரத்தில் சைனீஸ் என்று போர்டு மாட்டிய கடை ஒன்று பாக்கியில்லை. கோபி மஞ்சூரியனும் வெஜிடபிள் ஃப்ரைடு ரைசும் தின்று தின்று, சீனாக்காரன் சாப்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

ஹூஸ்டனில் முதல் நாள் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழமும் ஒரு பாக்கெட் சிப்ஸும். என்னைத் தங்க வைத்த மோட்டல் ஃப்ரீவே ஓரத்தில் தனியாக நின்றது. எதிர்ப்புறம் ஏதோ ஒரு கடையின் விளக்கு தெரிந்தது. நடந்து போய்விடலாம் என்று கிளம்பினேன். நடக்க நடைபாதையே கிடையாது. புல்லில் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வண்டிகள் நின்றன. "கார் ரிப்பேரா? உதவி வேண்டுமா?" மூன்று பேரும் ஒரே கேள்வி. மனிதன் காரணமில்லாமல் நடப்பான் என்பதையே அந்த ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. சிங்காநல்லூரில் என் வீட்டைவிட்டு இறங்கினால் நூறு அடியில் சூடாக இட்லி கிடைக்கும். அதை நினைத்துக்கொண்டே திரும்பி வந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தேன்.

என் சித்தப்பா மகன் செந்தில் அங்கே சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். போன் செய்தான். "அண்ணா, வீக் டேஸ்ல எனக்கு வர முடியாதுங்ணா, ப்ராஜெக்ட் டெட்லைன். சாட்டர்டே வந்து பிக்கப் பண்ணிக்கறேன். அதுவரைக்கும் எப்படியாவது மேனேஜ் பண்ணிக்கோங்க." வயிற்றை எப்படி மேனேஜ் செய்வது என்று அவன் சொல்லவில்லை.

என்னை மேனேஜ் செய்தவர் சென். எங்கள் சரக்கு வந்திறங்கிய கிடங்கின் சூப்பர்வைசர். தைவான்காரர், ஐம்பது வயது இருக்கும், ஹூஸ்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். இரண்டாம் நாள் நான் மத்தியானம் பருப்புப் பொடியை ரொட்டியில் தூவித் தின்பதைப் பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். சண்முகம் என்ற என் பெயர் அவர் வாயில் ஷான் ஆகிவிட்டது. "ஷான், சீனச் சாப்பாடு பிடிக்குமா?" என்றார். பிடிக்குமாவா! மஞ்சூரியன் என்றால் உயிர் என்றேன். அப்படி ஒரு பண்டத்தைத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை என்றார் சென். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம் வந்தது.

பெல்லேர் வீதியில் மைல்கணக்கில் சீனக் கடைகள். அரிசிமாவை எள்ளில் புரட்டிப் பொரித்த உருண்டை ஒன்றைக் கடித்தேன்; உள்ளே இனிப்புப் பூரணம். நம் சுழியனேதான், மேல்மாவு மட்டும் வேறு. வெங்காயத்தாளை வைத்து மடித்து மடித்துத் தேய்த்துச் சுட்ட ரொட்டி, நம் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் உறவு கொண்டாடியிருப்பார். சாதாரணக் கத்தரிக்காயை வெண்ணெயாக வதக்கி, புளிப்பும் காரமும் இனிப்புமாகக் கொடுத்தார்கள். காந்திபுரத்தில் நான் இத்தனை வருடம் தின்றது என்னவென்று எனக்கே புரியவில்லை.

ஆனால் இடையில் இரண்டு முறை அடிபட்டேன். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கிய நூடுல்ஸில் சிவப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. இறால். சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அது சும்மா ருசிக்காகப் போட்டதுதானே, கறி இல்லையே" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. அடுத்த வாரம் வேறொரு கடையில் புளிப்பும் காரமுமாக ஒரு சூப். காளான் என்று நினைத்து ஒரு கீற்றை மென்று விழுங்கிய பிறகுதான் அது பன்றி என்று தெரிந்தது. வெளியே ஓடி, கார் நிறுத்தும் இடத்தில் வாந்தி எடுத்தேன். சென் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். சூப்பை வைத்தவரைவிட அவர்தான் குன்றிப்போயிருந்தார்.

திரும்பும் வழியில் சொன்னார்: "எங்க அம்மாவும் உங்களைப் போலத்தான், ஷான். அப்பா போன பிறகு கறி, மீன், முட்டை எல்லாம் விட்டுட்டாங்க. வெங்காயம், பூண்டுகூட இல்லை. எட்டு வருஷம் ஆச்சு. எனக்கும் என் மனைவிக்கும் கறி இல்லாம சாப்பாடு இறங்காது. அதனால அம்மா தனக்கு மட்டும் சின்னச் சட்டியில் சமைச்சு, தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்குவாங்க."

வெங்காயம் பூண்டுகூட இல்லையா? எங்கள் வீட்டில் பூண்டு ரசம் இல்லாமல் வாரம் போகாது. சைவம் என்று மார்தட்டிக்கொண்டு வந்த நான் அந்த அம்மாளுக்கு முன்னால் அரை சைவம்தான்.

மறுநாள் சென் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் மேஜைமேல் வைத்தார். அம்மா கொடுத்தனுப்பியது. உள்ளே முட்டைக்கோசும் காளானும் அடைத்து ஆவியில் வேகவைத்த நான்கு வெள்ளைக் கொழுக்கட்டைகள், ஓரமாகப் பாகற்காய் வதக்கல். சாப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன் என்றே சொல்ல வேண்டும். டப்பாவைக் கழுவினேன். நம் வழக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாதே. எள்ளுருண்டை நாலு வைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் அதே டப்பாவில் வேர்க்கடலையோடு வேகவைத்த தாமரைக்கிழங்கு வந்தது. நான் முறுக்கு வைத்தேன். இப்படியே தினமும் நடந்தது. பார்த்தேயிராத ஒரு அம்மாளும் நானும் ஒரு டப்பாவுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். "அம்மா இப்போ காலையில் சீக்கிரமே எழுந்துடறாங்க. ஷான் டப்பாவைக் காலி பண்ணினாரான்னுதான் சாயங்காலம் முதல் கேள்வி" என்றார் சென். தரம் பார்க்கும் வேலை அதன் பிறகு எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. சுத்தியலால் ஒவ்வொரு காஸ்டிங்காகத் தட்டுவேன். கணீரென்றால் நல்லது, மொத்தென்று சத்தம் வந்தால் சொத்தை. மத்தியானம் டப்பா.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி அழைப்பு வந்தது. செந்திலையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அதுவே எனக்குப் பாதி ஊர் வந்த மாதிரி இருந்தது. உள்ளே மாடத்தில் சென்னின் அப்பா படம், முன்னால் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழங்களும். அம்மாள் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் தோளுயரம்கூட இல்லை. வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். நம் கும்பிடுதான், இன்னும் கொஞ்சம் குனிந்து.

எங்களை உட்கார வைத்த சென் மணி பார்த்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. "நான் போய் அவளைக் கூட்டிட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன். நீங்க ஆரம்பிங்க. ஆறினா நல்லா இருக்காதுன்னு அம்மா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குச் சீனம் தெரியாது. வீட்டில் மூன்று பேர்தான் மிச்சம்.

அம்மாள் ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்.

முதல் தட்டில் ஒரு முழு மீன். கறுப்புத் தோல், செதிள் செதிளாக வரி, கண் இருந்த இடத்தில் கண். இரண்டாவதில் தவிட்டு நிறத்தில் கறித்துண்டுகள், கொழுப்பு ஓடியது போல நடுவில் வெள்ளைக்கோடு. மூன்றாவது ஒரு வாத்து. கழுத்து வளைந்திருக்க, இறக்கை ஒடுங்கியிருக்க, பொன்னிறத்தில் எண்ணெய் மினுங்க, துண்டு போட்டு மறுபடி உருவம் குலையாமல் அடுக்கியிருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நமக்குத் தனியாக ஏதாவது வரும், இது மகனுக்கும் மருமகளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாளோ குச்சியால் வாத்தின் நெஞ்சுப் பகுதியிலிருந்து நல்ல துண்டாக எடுத்து என் தட்டில் வைத்து, சாப்பிடு என்று கை காட்டினார்.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது? இத்தனை நாள் டப்பா அனுப்பியவர் ஆயிற்றே. வாயில் போட்டேன். தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே நார் நாராகப் பிரிந்தது.

செந்தில் என் காதருகே குனிந்தான். "அண்ணா, துப்பீருங்க. இது டக்குங்க. அசல் டக். நான் ஆபீஸ் பார்ட்டில சாப்ட்ருக்கேன், அதே தோலு, அதே ஸ்மெல்."

என் முகம் போன போக்கையும் அவன் கண் விரிந்ததையும் பார்த்து, அம்மாள் சிரித்தார். தோள் குலுங்க, வாயைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சந்தோஷமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. இறாலையும் பன்றியையும் யாரோ தெரியாமல் போட்டார்கள். இவர் தெரிந்தே போட்டுவிட்டு, நான் தின்பதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எனக்குள் அடித்துச் சொன்னது ஏதோ ஒன்று. காகிதத்தில் துப்பினேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தேன். "இப்படிப் பண்ணலாமாங்க? அம்மா மாதிரி நினைச்சேனே உங்களை! இப்படி ஏமாத்துவீங்களா?" என்று தமிழில் கத்தினேன். நேராக அவருடைய சமையலறைக்குள் போய், அவர் அரிசி கழுவும் தொட்டியில், ஊரே கேட்கிற மாதிரி வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி அப்படிச் செய்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் அவன் முகத்தில் விழித்திருக்கமாட்டேன்.

அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்துவந்தார். உள்ளே மஞ்சள் காகிதம் மாதிரி மடித்து மடித்து என்னமோ இருந்தது. அதை இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டிக்கொண்டு ஏதோ சொன்னார், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் பார்க்கவில்லை. செருப்பை மாட்டினேன்.

"அண்ணா, சென் வரட்டுமுங்க. பத்து நிமிஷம்தானே" என்றான் செந்தில்.

"நீ காரை எடு" என்றேன்.

கார் திரும்பும்போது பார்த்தேன். வாசல் வெயிலில் அந்தப் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

மோட்டலுக்கு வந்து தலைக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டேன். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தவனைப் போல மனைவிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம், அந்தம்மாவுக்கு நம்ம பழக்கம் என்ன தெரியும்?" என்றாள் அவள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செந்திலின் மனைவி கவிதா காய்கறி வாங்கக் கிளம்பியபோது நானும் போனேன். ஹூஸ்டன் தமிழர்கள் கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் பிஞ்சுப் பாகற்காய்க்கும் சீனச் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். கவிதா கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அங்கே அலமாரி முழுக்க அந்த மஞ்சள் பாக்கெட்.

"கவிதா, இது என்னம்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "அதுங்களா மாமா? டோஃபு ஸ்கின். நாம பாலைக் காய்ச்சினா மேல ஏடு படியுமில்லீங்க, அந்த மாதிரி சோயா பாலைக் காய்ச்சி, ஏட்டை எடுத்துக் காயப் போட்டு வெச்சிருப்பாங்க. ப்யூர் வெஜ். பின்னாடி பாருங்க, சோயாபீன்ஸ், வாட்டர், அவ்வளவுதான். இங்க சமைச்சு விக்கிற டெலி கவுன்டர்லயே இதுல டக் பண்ணி வெச்சிருப்பாங்களே, எங்க ஆபீஸ் லஞ்ச்சுக்கு நான் அடிக்கடி வாங்கிட்டுப் போவேன், வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லீங்க. பார்த்தா அசல் டக் மாதிரியே இருக்கும். எங்க ஃப்ரெண்ட்ஸ்லாம் ஏமாந்துருக்காங்க."

கவுன்டருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. அதே பொன்னிறம், ஆனால் வெறும் சுருளாக. கழுத்தும் இறக்கையும் செய்யும் பொறுமை கடைக்கு எங்கே இருக்கும்? கவிதா ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அங்கேயே நின்று கடித்தேன். தோல் உடைந்தது, நார் பிரிந்தது. நன்றாக இருந்தது. அம்மாளுடையது இதைவிட நன்றாக இருந்தது. அவர் ஏன் சிரித்தார் என்பதும் அப்போது விளங்கியது. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் கைவேலை அசலைப் போலவே அமைந்துவிட்டதே என்று சிரித்திருக்கிறார். கடையில் வாங்கியதா என்று யாராவது கேட்டால் என் மனைவி தன் மைசூர்பாகைப் பார்த்துச் சிரிப்பது போல.

"மாமா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் கவிதா. செந்தில் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை; கடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கீரைக்கட்டை வண்டியில் வைத்தாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க மாமா" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. உடனே சென் வீட்டுக்கு போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சென் வருவதற்கு முன்பே கிடங்கு வாசலில் போய் நின்றேன். "தெரியாமல் பண்ணிவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா நேற்று கலிபோர்னியா போயிட்டாங்க. அண்ணன் வீட்டுக்கு. மாசக் கடைசியில் போறதா இருந்தது. டிக்கெட்டை மாத்தச் சொன்னாங்க, மாத்திக் கொடுத்தேன்."

பிறகு சென் சொன்னதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. புதன்கிழமையே வேலையைத் தொடங்கியிருக்கிறார் அம்மாள். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி, பாலெல்லாம் போனபின் மிஞ்சும் சக்கையை எடுத்துத்தான் அந்தக் கறித்துண்டுகள். அல்வாவுக்குப் பால் எடுத்துவிட்டு நாம் தூக்கிப்போடுகிறோமே, அதே சக்கை. மீனின் தோல் கடற்பாசித் தாள், சதை சேனை மாதிரி ஒரு கிழங்கு. வாத்துக்கு ஏட்டை ஒவ்வொன்றாக நனைத்து, மசாலா தடவி, அடுக்கி, கட்டி, வேகவைத்து, ஆறவைத்து, பொரித்து, கடைசியில் உருவம் கொடுத்திருக்கிறார். "பெரிய விருந்துக்குத்தான் கோயிலில் இதைச் செய்வாங்க. எட்டு வருஷத்துல அம்மா வீட்டில் செஞ்சது அதுதான் முதல் தடவை. சாப்பிட ஆள் இல்லையே."

"என்மேல் கோபமா?" என்று கேட்டேன்.

"இல்லை. தன் மேலதான். 'விரதம் இருக்கிற மனுஷனுக்கு முன்னால உயிர் மாதிரி ஒண்ணைச் செஞ்சு வெச்சது என் ஆணவம். அவரைப் பயமுறுத்திட்டேன். இனிமேல் அதைச் செய்யமாட்டேன்'னு சொன்னாங்க."

முப்பது வருடமாக இரும்பைத் தட்டிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொன்னவனில்லை நான். மேலே பளபளவென்று இருப்பது உள்ளே சொத்தையாக இருக்கும், கரடுமுரடானது கணீரென்று பேசும், எத்தனையோ பார்த்தவன். அந்த அம்மாளுக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுக்கவில்லை. அன்று மத்தியானம் டப்பா வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. ரொட்டியில் பருப்புப் பொடியைத் தூவித் தின்றேன், எனக்கு அதுதான் லாயக்கு என்று தோன்றியது.

ஒரு காரியம் மட்டும் மனதில் நின்றது. எப்படியாவது அந்த அம்மாளை மறுபடி அந்த வாத்தைச் செய்யவைக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து கடைசித் துண்டுவரை சாப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. என்னால் நின்ற வேலை என்னாலேயே தொடங்க வேண்டும்.

ஊர் திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்கும் வேலை இருந்தது. ஒருநாள் ஓய்வாகக் கிடைத்தது. சென்னின் அண்ணன் வீடு பிரீமாண்டில். சென் முகவரி எழுதிக் கொடுத்தார், அண்ணனிடம் போனிலும் சொல்லிவைத்தார். மன்னிப்பு என்பதற்குச் சீனத்தில் என்ன என்று கேட்டு, தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிரீமாண்டோடு முடியும் ரயிலில் கடைசி ஸ்டேஷன்வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பஸ் பிடித்தேன், எதிர்த்திசையில். ஹூஸ்டனைப் போலில்லை, இங்கே வெயில் அடித்தும் காற்று குளுகுளுவென்றிருந்தது. மஞ்சள் புல் மூடிய மலைகளை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்ததில், அரைமணி நேரம் கழித்துத்தான் ஊரே மாறிப்போனது தெரிந்தது. டிரைவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. "கண்ணா, நீ போகவேண்டிய இடத்தைவிட்டு நாம் ரொம்ப தூரம் வந்தாச்சு" என்று இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கையைக் காட்டினார். பொது போனிலிருந்து அண்ணனுக்குப் பேசினேன். அங்கேயே நில்லுங்கள் என்று சொல்லி, காரை எடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவன் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"அம்மா இன்னும் சாப்பிடவில்லை" என்றார் அண்ணன், படியேறும்போது.

அம்மாள் வாசலில் நின்றார். நான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்தேன். என்ன உச்சரித்தேனோ, அவர் சிரித்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவில்லை. நல்லவேளை, காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

அண்ணனிடம் சொன்னேன்: "அம்மாவிடம் கேளுங்கள். அந்த வாத்தைச் சாப்பிடத்தான் வந்தேன். இன்று முடியாவிட்டால் நாளைக் காலையில் வருகிறேன். என் விமானம் மாலையில்தான். கடையில் ஒன்று சாப்பிட்டுப் பார்த்தேன், அம்மா செய்ததற்குப் பக்கத்தில் வராது என்றும் சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அம்மாள் தலையைக் குனிந்து கேட்டார். பதில் நீளமாக வந்தது. அண்ணன் சுருக்கிச் சொன்னார்: "நீங்க சொன்னதே போதுமாம். நீங்க பயமில்லாம சாப்பிடற மாதிரி இன்னிக்குச் சமைச்சிருக்காங்களாம்."

மேஜையில் எதுவும் இல்லை. அம்மாள் முதலில் சமையலறையிலிருந்து ஒரு கூடையைக் கொண்டுவந்தார். அதில் கழுவிய பச்சைக் காய்கள், இலையும் காம்புமாக. பிறகு மூடியிட்ட கிண்ணங்கள் வந்தன. உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஒரு முழுக் கேரட்டை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "கேரட்" என்றார். யாரிடமோ கேட்டுப் படித்துவைத்திருக்கிறார். கிண்ணத்தைத் திறந்தார். உப்புப் போட்டு வேகவைத்த கேரட், நறுக்காமல், முழுசாக. அடுத்து ஒரு பீன்ஸ். "பீன்ஸ்." கிண்ணத்தில் பீன்ஸ், நுனிகூடக் கிள்ளாமல். பிறகு முட்டைக்கோஸ் இலை, பிறகு உருளைக்கிழங்கு. மசாலா இல்லை, குழம்பு இல்லை, எதன்மேலும் எதுவும் பூசவில்லை. கடைசியாக வெள்ளைச் சோறு. ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகுதான் தட்டில் வைத்தார்.

நான் கேரட்டைக் கடித்தேன். அவர் தன் தட்டைத் தொடவில்லை. நான் மென்று விழுங்கி, வாயைத் திறந்து சரி என்று காட்டும்வரை, என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.